உடலுக்குத் தமிழ்ச் சொல் தந்த வைத்தியர்

ஒரு பிள்ளை தன் உடலைப் பற்றி எந்த மொழியில் அறிந்துகொள்கிறது என்ற கேள்வி பார்வைக்குச் சிறியது, விளைவிலே பெரியது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகளிலும், மாவனல்லை, ஹெம்மாத்தகமை, பலாங்கொடைப் பகுதிகளின் முஸ்லிம் பாடசாலைகளிலும் விஞ்ஞானம் கற்கும் மாணவர்கள் இன்று குருதிச் சுற்றோட்டத் தொகுதி, சமிபாட்டுத் தொகுதி, சுவாசத் தொகுதி, நரம்புத் தொகுதி என்று தமிழிலேயே படிக்கின்றனர்; தமிழிலேயே பரீட்சையும் எழுதுகின்றனர். இது இயல்பான ஒன்றாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க முடியும் என்று சொல்வதே நகைப்புக்குரியதாகக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் அதனைச் செய்து காட்டியவர் தமிழரும் அல்லர், இந்நாட்டவரும் அல்லர். அவர் அமெரிக்கரான டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

யாழ்ப்பாணத்தில் அவர் பெயரை அறியாதார் குறைவு. மானிப்பாயில் அவர் நினைவைத் தாங்கி நிற்கும் வைத்தியசாலை அவரை மறக்க விடாது. ஆனால் மலையகத்திலும் சப்ரகமுவவின் தோட்டப் பகுதிகளிலும் அவர் வாழ்வு போதிய அளவு பேசப்பட்டதில்லை. அவர் செய்த பணியின் பயன் யாருக்கு இன்று மிகுதியும் தேவைப்படுகிறதோ, அவர்களே அவரைக் குறைவாக அறிந்திருக்கின்றனர். அக்குறையைச் சிறிதேனும் போக்குவது நன்று என்று கருதுகிறோம்.

கிறீன் 1822 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆம் திகதி, அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரை அடுத்த கிறீன் ஹில் என்னும் குடும்பப் பண்ணையில் பிறந்தார். தந்தை சட்டத்தரணி. பிள்ளைகள் பலர் நிறைந்த குடும்பம் அது. அவருக்கு இரண்டு வயது மூத்தவரான அண்ணன் அன்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் நகரை உருவாக்கிய பெருமக்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார். அந்நகரின் புகழ்பெற்ற மத்திய பூங்கா அமைவதிலும், 1898 இல் சிதறிக் கிடந்த நகர்ப்பகுதிகள் ஒரே மாநகரமாக இணைவதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஒரே வீட்டில் வளர்ந்த சகோதரர் இருவரில் ஒருவர் உலகின் பெருநகர் ஒன்றுக்கு உருவம் கொடுத்தார். மற்றவர் உலகின் மறுகோடியில் ஒரு சிறு குடாநாட்டின் மக்களுக்கு அவர்களது மொழியிலேயே மருத்துவம் கற்பித்தார்.

நியூயோர்க்கின் வைத்தியர், சத்திரசிகிச்சையாளர் கல்லூரியில் கற்று 1845 இல் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்க மிஷனின் ஊழியராக 1847 இல் கடற்பயணம் தொடங்கினார். மருத்துவ உலகம் அப்போது பெரும் மாற்றத்தின் வாயிலில் நின்றது. அதற்கு முந்திய ஆண்டான 1846 இல்தான், அவர் பிறந்த மாநிலத்தின் பொஸ்ரன் நகரில், ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுத்து நோவில்லாமல் சத்திரசிகிச்சை செய்வது பொதுவில் காட்டப்பட்டிருந்தது. அதே வேளை, நோய்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே காரணம் என்ற உண்மை இன்னும் நிலைநாட்டப்படவில்லை. இத்தகைய இடைக்காலத்து மருத்துவ அறிவோடுதான் அவர் 1847 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை அடைந்தார்.

அங்கே அவருக்கு முன்னோடிகள் இருந்தனர். டாக்டர் ஜோன் ஸ்கடர் 1820 ஆம் ஆண்டளவிலேயே பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கியிருந்தார். அவருக்குப் பின்னர் டாக்டர் நேதன் வாட் அப்பணியைத் தொடர்ந்தார். 1823 இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரி ஆங்கிலத்தின் வழியே கணிதமும் வானியலும் மெய்யியலும் கற்பித்துப் புகழீட்டியிருந்தது. எனவே கிறீன் வெறும் நிலத்தில் விதைக்க வரவில்லை. முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் தங்கி நோயாளரைக் கவனித்த அவர், வந்த அடுத்த ஆண்டே மாணவர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி 1870 இல்தான் ஆரம்பமாயிற்று என்பதை நினைவிற் கொள்ளும்போது, மானிப்பாயின் அந்தச் சிறு வகுப்பு எத்துணை முந்தியது என்பது விளங்கும்.

கிறீனின் முதல் மாணவர்கள் ஆங்கிலத்திலேயே கற்றனர். பாடநூல்கள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தமையால் வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அவர் ஓர் உண்மையைக் கண்டார். ஆங்கிலத்தில் தேர்ந்த மாணவர் அரசாங்க உத்தியோகத்தையும் தொலைவான நகரங்களையும் நாடிச் சென்றனர். கிராமம் முன்போலவே வைத்தியர் இன்றிக் கிடந்தது. கற்றவர் பேசும் மொழியும் உடுக்கும் உடையும் நோயாளியினுடையவற்றிலிருந்து விலகிச் செல்லச் செல்ல, நோயாளி அவரிடம் வரத் தயங்கினார். மருத்துவம் மக்களிடம் வேரூன்ற வேண்டுமாயின் அது மக்களின் மொழியில் இருத்தல் வேண்டும். வைத்தியரும் மக்களில் ஒருவராகவே வாழ்தல் வேண்டும். இந்த முடிவுக்கு வந்த கிறீன், தம் மாணவர் மேனாட்டு உடையையும் நடையையும் மேற்கொள்வதை விரும்பவில்லை.

முதலில் அவர் தாமே தமிழைக் கற்றார். பேச்சுத் தமிழோடு நில்லாது எழுத்துத் தமிழிலும் பயிற்சி பெற்றார். பின்னர் மொழிபெயர்ப்பில் இறங்கினார். கல்வின் கட்டர் என்னும் அமெரிக்கர் எழுதிய உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரம் பற்றிய பாடநூல் 1857 இல் அங்காதிபாத சுகரண வாத உற்பாலனம் என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. அதே ஆண்டில் பிரசவ வைத்தியம் பற்றிய நூலும் வந்தது. மகப்பேற்றின்போது தாயும் சேயும் மாண்டுபோவது அன்றாட நிகழ்வாக இருந்த காலத்தில், முதல் நூல்களுள் ஒன்றாக அவர் பிரசவ வைத்தியத்தைத் தெரிந்தெடுத்தமை கவனிக்கத்தக்கது.

1857 இல் விடுமுறையில் தாய்நாடு சென்ற கிறீன், 1862 இல் மார்கிரட் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணம் முடித்து அவருடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். இம்முறை அவர் நோக்கம் தெளிவாக இருந்தது. 1864 முதல் மருத்துவ வகுப்பைத் தமிழிலேயே நடத்தத் தொடங்கினார். வைத்தியராக விரும்பிய இளைஞர் பலரும் ஆங்கிலத்தையே விரும்பினர். ஆங்கிலத்தில்தான் பதவியும் மதிப்பும் இருந்தன. தமிழில் கற்ற வைத்தியருக்கு எதிர்காலம் உண்டா என்ற ஐயம் பெற்றோருக்கு எழுந்திருந்தால் அதனைக் குற்றம் என்று கூறிவிட முடியாது. ஆனாலும் கிறீன் தம் முடிவிலிருந்து வழுவவில்லை. யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை அவர் பயிற்றினார். அவர்களுள் ஏறக்குறைய சரிபாதியினர் தமிழிலேயே மருத்துவம் கற்றவர்கள்.

தமிழ் வகுப்புக்குத் தமிழ் நூல்கள் வேண்டும். 1867 இல் இரணவைத்தியம் என்னும் சத்திரசிகிச்சை நூல் வந்தது. 1872 இல் இரு பெருநூல்கள் வந்தன. ஒன்று, பொது மருத்துவம் பற்றிய வைத்தியாகரம். மற்றையது, ஹென்றி கிறேயின் உலகப் புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம். கிறேயின் மூலநூல் லண்டனில் வெளிவந்தது 1858 இல். பதினான்கு ஆண்டுகளுக்குள் அது தமிழுக்கு வந்துவிட்டது. இன்று ஒரு பிறமொழி மருத்துவ நூல் அவ்வளவு விரைவில் தமிழில் கிடைக்குமா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம். 1875 இல் கெமிஸ்தம் என்னும் இரசாயன நூலும், 1883 இல் மனுஷ சுகரணம் என்னும் உடற்றொழில் நூலும் அடுத்தடுத்து வந்தன. உள்நாட்டு மருந்துப் பொருட்களை விளக்கும் இந்து பதார்த்த சாரமும் அவர் முயற்சியின் பயனே. எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துக்கும் அதிகமான பக்கங்கள் வரும்.

இத்துணையும் ஒருவரால் மட்டும் ஆகக்கூடிய செயல் அன்று. டான்போத், சப்மன் முதலிய அவருடைய தமிழ் மாணவர்கள் மொழிபெயர்ப்பில் தோளோடு தோள் நின்றனர். மிஷன் வழக்கப்படி அமெரிக்கப் பெயர் பெற்றிருந்தாலும் அவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழரே. மாணவர் பெயர்த்து எழுதியதைக் கிறீன் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தினார். ஆதலால் இந்நூல்களைக் கிறீனின் கொடை என்று கூறும்போது, அம்மாணவர்களின் உழைப்பையும் சேர்த்தே கூறுவது நேர்மையாகும்.

சொல்லாக்கத்தில் கிறீன் கைக்கொண்ட முறை இன்றும் பயன் தருவது. ஓர் ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு முதலில் தமிழ் வழக்கிலும் தமிழ் மருத்துவ நூல்களிலும் சொல் உண்டா என்று தேடினார். அங்கே கிடைக்காதபோது வடமொழியை நாடினார். அதுவும் கைகொடுக்காதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதிக்கொண்டார். கெமிஸ்தம் என்ற பெயரே இறுதி முறைக்குச் சான்று. உடற்கூறு, மருந்து, சத்திரசிகிச்சை, பிரசவம் ஆகிய துறைகளுக்குத் தனித்தனியே சொற்றொகுதிகளையும் அச்சிட்டு வழங்கினார். அவர் ஆண்ட சொற்கள் பல இன்று வழக்கொழிந்துவிட்டன. வடமொழி மிகுந்த அவரது நடை இக்காலத்து மாணவருக்குக் கடினமாகவும் இருக்கும். ஆனால் அவர் விட்டுச்சென்ற வழிமுறை ஒழியவில்லை.

இந்த இடத்தில் நமது முஸ்லிம் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வரலாற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தும். ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசிய கலீபாக்களின் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்க மருத்துவர் கலேனின் நூல்களை அரபு மொழிக்குக் கொண்டுவந்தார். அவரும் கிறிஸ்தவரே, ஆனால் அவர் உழைப்பால் பயன் பெற்றது இஸ்லாமிய உலகம் முழுவதும். சொல்லில்லாத இடத்தில் சொல்லைப் படைத்தும், மாணவர் குழாம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டும் அவர் செய்த பணியே, பின்வந்தோருக்கு அரபு மொழியில் மருத்துவம் பற்றிச் சிந்திக்க வழிதிறந்தது. இப்னு சீனாவின் மருத்துவப் பேரேடு எழுந்ததும் அந்த அடித்தளத்தின் மீதே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோவில் பணிபுரிந்த இப்னு அந்நபீஸ், இதயத்தின் வலப்பக்கக் குருதி நுரையீரல் வழியாகச் சென்றே இடப்பக்கத்தை அடைகிறது என்று கலேனையே மறுத்து எழுதினார். பிறர் அறிவைத் தன் மொழியில் வாங்கிக்கொண்ட சமூகம், பின்னர் அவ்வறிவைத் திருத்தும் வலிமையையும் பெற்றது. கிறீன் தமிழருக்குத் திறக்க முயன்றதும் இத்தகைய வாயிலைத்தான்.

கிறீனின் நோக்கம் முற்றிலும் மருத்துவம் மட்டுமே என்று கூறுவது உண்மையாகாது. அவர் ஒரு மிஷனரி. நோய் தீர்க்கும் கையோடு மதம் பரப்பும் எண்ணமும் அவரிடம் இருந்தது. அதனை அவர் மறைத்ததும் இல்லை. அவர் பிறந்த அதே 1822 இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், மிஷனரிகளின் சமயப் பணியை எதிர்த்துச் சைவத்தையும் சைவப் பாடசாலைகளையும் காக்கப் பாடுபட்டார். எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் ஒன்றில் ஒத்திருந்தனர். அறிவு மக்களைச் சென்றடையத் தமிழ் உரைநடையே ஏற்ற கருவி என்று இருவரும் கண்டனர். அதுபோலவே, கண்டியில் அறிஞர் சித்திலெப்பை 1882 இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தமிழில் தொடங்கித் தம் சமூகத்துக்குக் கல்வியின் இன்றியமையாமையை எடுத்துரைத்தார். கிறீனின் மனுஷ சுகரணம் வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டு. மூன்று சமயத்தவர் மூன்று நோக்கங்களோடு ஒரே மொழியைக் கைக்கொண்ட காலம் அது.

நோய்க்கு எதிரான போரில் கிறீனின் மிகப் பெரிய பகைவன் கொலரா. வாந்திபேதி என்றும் பேதி என்றும் மக்கள் அஞ்சிய அந்நோய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தை மீண்டும் மீண்டும் தாக்கியது. 1866-67 இல் அது பல உயிர்களைக் கொண்டுசென்றது. கிறீனும் அவர் மாணவரும் கிராமம் கிராமமாகச் சென்று நோயாளரைப் பார்த்தனர். அந்நோயின் கிருமியை ரொபேட் கொக் இனங்கண்டது 1883-84 இல், கிறீனின் வாழ்நாள் முடியும் தறுவாயில். காரணம் தெரியாத பகைவனோடு அவர்கள் போராடினார்கள் என்பதை எண்ணும்போது அவர்களது துணிவு மேலும் விளங்கும்.

இந்தக் கொலராவின் பாதையில்தான் நம் மலையக மக்களின் வரலாறும் கிறீனின் காலத்தோடு வந்து கலக்கிறது. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளினூடாக மாத்தளை நோக்கி நடந்தனர். பசியும் காய்ச்சலும் கொலராவும் வழியெங்கும் அவர்களை வீழ்த்தின. மலைநாட்டை அடைந்தவர்களுக்கும் வைத்தியம் எளிதிற் கிட்டவில்லை. கோப்பிப் பிரதேசத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென அரசாங்கம் கட்டளைச் சட்டம் ஒன்றை இயற்றியது 1872 இல். அதே ஆண்டில்தான் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் தமிழில் வெளிவந்தன. வடக்கே தமிழில் மருத்துவம் கற்ற வைத்தியர் உருவாகிக்கொண்டிருக்க, தெற்கே தமிழ் மட்டுமே அறிந்த பெருந்தொகையான நோயாளர் வைத்தியரின்றித் தவித்தனர். இரண்டையும் இணைக்கும் தொலைநோக்கு அன்றைய ஆட்சியாளருக்கு வாய்த்திருந்தால் தோட்டங்களின் சுகாதார வரலாறு வேறாக இருந்திருக்கலாம்.

உடல்நலம் குன்றிய கிறீன் 1873 இல் மனைவி மக்களுடன் யாழ்ப்பாணத்தை விட்டு அமெரிக்கா திரும்பினார். பிறந்த ஊரான வூஸ்டருக்கு மீண்ட பின்னரும் அவர் ஓய்வெடுக்கவில்லை. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்துகொண்டே தமிழ் மொழிபெயர்ப்புகளைத் திருத்தினார். புதிய நூல்களை அச்சுக்கு அனுப்பினார். கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அவர் இந்நாட்டை விட்டு நீங்கிய பின்னர் வந்தவை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. 1884 ஆம் ஆண்டு மே மாதம் 28 ஆம் திகதி அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவத்தோடு நற்செய்தியும் கொண்டு சென்றவர் என்ற செய்தியே தமது கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பமாக இருந்தது. அவ்வாறே செய்யப்பட்டது. வாழ்வின் இறுதியில் தம்மை அவர் எந்த மக்களோடு சேர்த்து எண்ணினார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

அவர் சென்றபின் தமிழில் மருத்துவம் கற்பிக்கும் முயற்சி நெடுங்காலம் நீடிக்கவில்லை. கொழும்பு மருத்துவக் கல்லூரியின் மொழி ஆங்கிலம். அரசாங்கப் பதவிக்கு வழியும் ஆங்கிலம். மானிப்பாயின் பெருநூல்கள் நூலக அலுமாரிகளுக்குள் ஒதுங்கின. ஆயினும் சுதந்திரத்தின் பின்னர் பாடசாலைகளில் விஞ்ஞானம் தாய்மொழிக்கு வந்தபோது, அது ஆகாத காரியம் என்று எவராலும் அறுதியிட்டுக் கூற முடியவில்லை. நூறாண்டுகளுக்கு முன்னரே அது செய்து காட்டப்பட்டிருந்தது.

வரலாற்றை இவ்வாறு நினைவுகூர்வதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. உடலைப் பற்றிய அறிவு இல்லாமை எத்தகைய விலையைக் கேட்கும் என்பதற்குச் சப்ரகமுவவின் தோட்டங்களே சாட்சி. வெறுங்காலுடன் ஈர மண்ணில் நடப்போரின் தோல் வழியே நுழையும் கொழுக்கிப்புழு, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுகிறது. குருதி குன்றிய தாய்க்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்கிறது. குருதி குன்றிய பிள்ளை வகுப்பறையில் சோர்ந்து உறங்குகிறது. ரொக்பெல்லர் நிறுவனம் 1916 இல் இந்நாட்டில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது தோட்டங்களையே முதலில் தேர்ந்தது இதனாற்றான். 1934-35 இல் வந்த மலேரியாப் பெருங்கொள்ளை நோய் கேகாலை மாவட்டத்தை மிகக் கடுமையாகத் தாக்கி, மண்ணீரல் வீங்கிய பிள்ளைகளை வீட்டுக்கு வீடு விட்டுச்சென்றது. மழை மிகுந்த தென்மேற்கு ஈரவலயத்தின் மண்ணில் அயடீன் குறைவு. அதனால் கழுத்திலே கழலை தோன்றுவது இரத்தினபுரி போன்ற மாவட்டங்களில் நெடுங்காலம் சாதாரணக் காட்சியாக இருந்தது. கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பிக்கு அயடீன் கிடைக்காவிடில், வயிற்றிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியே குன்றும். உப்பில் அயடீன் சேர்ப்பது 1995 இல் சட்டமாக்கப்பட்ட பின்னரே இந்நிலை பெரிதும் மாறிற்று.

மாறாத ஒன்றும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டத் துறையிலோ அது ஏறத்தாழ 32 சதவீதம். அதாவது தோட்டத்துப் பிள்ளைகளில் மூவரில் ஒருவர் வளரவேண்டிய அளவுக்கு வளரவில்லை. இதனைப் பரம்பரைக் குட்டை என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர் இன்றும் உளர். எலும்புகளின் நுனியில் உள்ள வளர்ச்சிப் பகுதி புரதமும் கல்சியமும் இல்லாமல் நீளாது. அடிக்கடி வரும் வயிற்றோட்டம், உண்ட உணவின் பயனைக் குடலிலேயே அழித்துவிடும். தாயின் வயிற்றில் கரு உருவாவது முதல் பிள்ளையின் இரண்டாம் ஆண்டு நிறைவு வரையான ஆயிரம் நாட்களில் இழந்த உயரத்தைப் பின்னர் மீட்பது மிகக் கடினம். இளம்பெண்ணாக வளர்ச்சி குன்றியவளே நாளை நிறை குறைந்த பிள்ளையைப் பெறும் தாயாகிறாள். இந்தச் சங்கிலியை அறுப்பதற்குச் சத்துணவும் சுத்தமான நீரும் நியாயமான சம்பளமும் வேண்டும். அவற்றோடு, தாய்க்கு விளங்கும் மொழியில் விளக்கமும் வேண்டும்.

குழந்தையின் நிறையையும் உயரத்தையும் மாதந்தோறும் குறிக்கும் வளர்ச்சிப் பதிவேடு ஒவ்வொரு தாயின் கையிலும் தரப்படுகிறது. அதிலுள்ள வளைகோடு ஏன் கீழே சரிகிறது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாதபோது, அந்த ஏடு வெறும் காகிதம். சப்ரகமுவவின் தோட்டங்களில் தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர் போதாமை பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டப்பட்டு வரும் குறை. அதன் வேரைத் தேடினால் பாடசாலையில் வந்து நிற்போம். தமிழ் மொழிமூலம் உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் வாய்ப்பு இம்மாகாணத்தின் தோட்டப் பிள்ளைகளுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் மிக அரிது. விஞ்ஞான ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை, ஆகவே மாணவர் கலைப்பிரிவுக்குத் தள்ளப்படுகின்றனர், அல்லது வசதியுள்ள சிலர் வேறு மாவட்டங்களுக்குச் செல்கின்றனர். விஞ்ஞானம் கற்காத ஊரிலிருந்து வைத்தியரும் தாதியரும் மருத்துவிச்சியரும் வருவது எவ்வாறு?

கிறீன் எதிர்கொண்ட வினாவும் இதுவே. வைத்தியம் மக்களின் ஊரிலேயே தங்கவேண்டுமாயின், மக்களிலிருந்தே வைத்தியர் உருவாக வேண்டும் என்று அவர் விடை கண்டார். பாடநூல் இல்லை என்று அவர் காத்திருக்கவில்லை, தாமே எழுதினார். ஆசிரியர் இல்லை என்று அவர் காத்திருக்கவில்லை, தாமே கற்பித்தார். இன்று நமக்குத் தமிழில் பாடநூல் உண்டு, கலைச்சொல் உண்டு, இலவசக் கல்வி உண்டு. இல்லாதது ஆசிரியரும் மனவுறுதியும்தான்.

மாகாணக் கல்வி அதிகாரிகளும், அரசியல் தலைவர்களும், இம்மாகாணத்திலிருந்து கற்று உயர்ந்தவர்களும் சேர்ந்து முயன்றால், இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தமிழ் மொழிமூல உயிரியல் வகுப்புகளை முழுமையான ஆசிரியர், ஆய்வுகூட வசதிகளோடு நடத்துவது ஆகாத காரியம் அன்று. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியில் கற்பதால், இக்கோரிக்கையை இரு சமூகத்தவரும் ஒன்றாகவே முன்வைக்க முடியும். அமெரிக்கப் பண்ணை ஒன்றில் பிறந்த ஒருவர் தம் வாழ்வின் நல்ல பகுதியைத் தமிழில் உடலை விளக்குவதற்குச் செலவிட்டார். தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை அதே மொழியில் உடலை அறிந்து, தன் ஊருக்கே வைத்தியராகத் திரும்பி வரும் நாளில்தான் அவருக்கு நாம் பட்ட கடன் தீரும்.